போலோ கிரவுண்டில் மரம் நடாதீர்கள்

வனத்துறையில் கிண்டிக்கு மாற்றல் என்றால் இரண்டு விதமாகப் பேசுவார்கள். பிள்ளைகளுக்கு மெட்ராஸில் நல்ல பள்ளிக்கூடம், கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி, கொடுத்துவைத்தவன் என்பார்கள் சிலர். முதுமலையிலும் டாப்ஸ்லிப்பிலும் யானையோடு மல்லுக்கட்டியவர்கள் அதைக் காடு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "பார்க்குக்குப் போறியா?" என்று கேட்டு ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். 1980களின் நடுவில் முதுமலையிலிருந்து வனவராக இங்கே வந்தபோது அந்தச் சிரிப்பு எனக்கும் கிடைத்தது. இடையில் சில வருஷம் வேறு சரகங்களுக்குப் போனாலும் திரும்பத் திரும்பக் கிண்டியிலேயே வந்து விழுந்தேன். ரேஞ்சராக ஓய்வு பெற்றதும் இங்கிருந்துதான்.

சுமார் 270 ஹெக்டேர், அதாவது 2.7 சதுர கிலோமீட்டர். முதுமலையில் ஒரு பீட்டுக்குக்கூடக் காணாது. அங்கே என் கைக்கு வந்த கோப்புகளில் பாதி யானையைப் பற்றியது. இங்கே பாதிக்கு மேல் சுவரைப் பற்றியது. எந்த இடத்தில் இடிந்தது, அந்தப் பக்கம் யாருடைய நிலம், கட்டுகிற செலவு யார் தலையில் என்று பக்கம் பக்கமாகக் கடிதப் போக்குவரத்து. வடக்கே சர்தார் படேல் சாலை, ஒரு பக்கம் ராஜ்பவன், இன்னொரு பக்கம் ஐ.ஐ.டி., தெற்கே வேளச்சேரி. காட்டின் எந்த மூலையில் நின்றாலும் பஸ் ஹாரன் கேட்கும்.

வந்த புதிதில் ஒரு எல்லை விவகாரத்துக்காகப் பழைய நிலப்படங்களைப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். டிரேசிங் பேப்பரில் கோடு இழுக்க இழுக்கத்தான் இந்த இடத்தின் கதை புரிந்தது. வெள்ளைக்காரர் ஒருவரின் வேட்டைக்காடாக இருந்ததை அரசு 1821-இல் 35,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறது. 1910-இல் காப்புக்காடு ஆனபோது 505 ஹெக்டேர். சுதந்திரத்துக்குப் பிறகுதான் கத்தரி விழ ஆரம்பித்தது. 1956-இல் காந்தி மண்டபம் திறந்தாயிற்று. 1958-இல் பெரிய துண்டு ஒன்று ஐ.ஐ.டி.க்குப் போனது. அதே சமயத்தில்தான் நேரு ஆசைப்பட்டார் என்று மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் வந்தன. 1972-இல் ராமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணை சேலையூரிலிருந்து இங்கே குடிவந்தது. பிறகு ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவிடங்கள். 1977-இல் மிச்சம் வனத்துறையின் கைக்கு வந்து, 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. ஆகாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அங்கே எத்தனை மாடிக் கட்டடம் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

போனவற்றில் எதையும் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் தங்கை மகன் படித்ததே ஐ.ஐ.டி.யில்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் நிலம் இவ்வளவு சுலபமாகக் கைமாறியதற்கு ஒரு காரணம் உண்டு. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு இது வெறும் முள்ளுக்காடு. தேக்கு இல்லை, சந்தனம் இல்லை, அருவி இல்லை. முதுமலையின் பெருமரங்களைப் பார்த்துவிட்டு வந்த எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் தெரிந்தது.

அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு மூத்த வாட்சர். அவருடைய அப்பாவும் இதே காட்டில் வேலை பார்த்தவர். கோடைக்கால ரோந்தில் ஒருநாள் காசான் கிளையை வளைத்து என் மூக்கருகே நீட்டினார். "சார், மே மாசம். மழ பேஞ்சு நாலு மாசம் ஆவுது. எல பாருங்க." தடித்த, மெழுகு பூசின மாதிரி மினுமினுக்கும் சிறிய இலை. நல்ல கரும்பச்சை. பக்கத்தில் குருந்து, உலக்கைப்பாலை, கிளா எல்லாம் அதே போல. உயரம் பெரிதாக இல்லை, ஆனால் ஒன்றோடொன்று பின்னி, உச்சி வெயில் தரைக்கு இறங்காதபடி நிற்கிறது. கடலோரத்துக்கே உரிய காடு இது. வருஷத்து மழையை ஐப்பசி, கார்த்திகையில் ஒரே வாயில் வாங்கிக்கொண்டு, மற்ற மாதங்களை அதை வைத்தே ஓட்டுகிற காடு. சோழமண்டலக் கரை நெடுக இருந்ததில் இப்போது கோயில் காடுகளில் கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிண்டியில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட தாவரங்கள் பதிவாகியிருக்கின்றன. மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையை ஒட்டிய சந்தில் வாழ்ந்த இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன், நம் மண்ணின் மரங்களை விட்டுவிட்டு அழகுக்காக அயல்நாட்டு மரங்களை நடுவதைச் சாகும்வரை எழுத்தில் கண்டித்துக்கொண்டே இருந்தார். வாட்சர் அவரைப் படித்ததில்லை. இரண்டு பேருக்கும் கருத்து ஒன்றுதான்.

80களில் எங்கள் தினசரித் தலைவலி விறகு. தெற்குப் பக்கக் குடிசைகளிலிருந்து பெண்கள் விடியற்காலையிலேயே சுவர் ஏறிக் குதித்து வருவார்கள். சுள்ளி பொறுக்கத்தான் வருகிறோம் என்பார்கள், இடுப்பில் அரிவாள் இருக்கும். பிடித்தால் அழுகை, கேஸ் போட்டால் அபராதம், அபராதம் கட்டின மறுநாள் அதே முகம். எங்களுக்கும் மனசு கேட்காது. மேலே இருந்து மெமோ வரும்போது மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருப்போம். பையன்கள் விளாம்பழத்துக்கும் நாவற்பழத்துக்கும் வருவார்கள். பெரியவர்கள் சீட்டாட வருவார்கள். இந்த விறகுத் தொல்லை எப்போது ஓய்ந்தது என்று யோசித்தால், நாங்கள் போட்ட எந்த வழக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை. சமையலறைக்கு கேஸ் அடுப்பு வந்தது, பெண்கள் வருவது நின்றது, அவ்வளவுதான். காட்டுப் பாதுகாப்பில் பாதி, காட்டுக்கு வெளியே யாரோ வேறு காரணத்துக்காகச் செய்வது.

சுவருக்கு இந்தப் பக்கம் ஆள் வருவது குறைந்த காலத்திலேயே அந்தப் பக்கத்திலிருந்து பை வர ஆரம்பித்தது. கேரி பேக். முடிச்சுப் போட்ட பையில் மிஞ்சின சாம்பார் சாதம், பழத்தோல், கறிவேப்பிலைக் காம்பு. மானுக்கு உப்பும் புளிப்பும் வாசம் பிடித்துவிட்டால் பையை அவிழ்க்கத் தெரியாது, பையோடு மெல்லும். ஒரு கோடையில் மதிலோரம் ஒரு பெட்டைப் புள்ளிமான் இறந்து கிடந்தது. வயிறு உப்பியிருந்தது, முதுகெலும்பு வரிவரியாகத் தெரிந்தது. கால்நடை மருத்துவர் வயிற்றைக் கீறியதும் முதலில் புளித்த நாற்றம். பிறகு முதல் இரைப்பைக்குள்ளிருந்து கையால் இழுத்து இழுத்து வெளியே போட்டார். நீல நிறம், வெள்ளை நிறம், ஒரு துணிக்கடைப் பையின் எழுத்து அப்படியே படிக்கும்படி இருந்தது, கூடவே கயிறு, பால் கவர். எல்லாம் முறுக்கி இறுகி ஒரே கட்டியாக. நடுவில் ஒரு பிடிகூட இலை இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பட்டினியில் செத்திருக்கிறது. கன்று வேறு வயிற்றில். 2019 ஜனவரியில் மாநிலம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். தடைக்குப் பிறகும் மதிலோரம் பொறுக்கும் வேலை நிற்கவில்லை என்று இப்போது சரகத்தில் இருக்கும் பையன்கள் சொல்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்த பகை. தவறு என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், சண்டை போடலாம். எனக்கு வேலையில் உண்மையான கஷ்டம் கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடு வந்தவர்கள்.

பூங்காவுக்குள் போலோ கிரவுண்ட் என்று நாங்கள் சொல்லும் புல்வெளி ஒன்று இருக்கிறது. வெளிமானின் வீடு அதுதான். புள்ளிமான் புதருக்குள் ஒளிந்து பிழைக்கும். வெளிமானுக்கு அது ஆகாது. நாலா பக்கமும் தூரத்துக்குக் கண் போக வேண்டும். ஆபத்து வந்தால் கண்ணால் பார்த்து, காலால் தப்பிக்கிற பிராணி. ஆணுக்கு இன்னொரு தேவையும் உண்டு. இனச்சேர்க்கைக் காலத்தில் அது திடலில் தனக்கென்று ஒரு இடம் பிடித்துக்கொள்ளும். எல்லை காட்ட ஒரே இடத்தில் தினமும் புழுக்கை போட்டுக் குவிக்கும். பக்கத்தில் இருக்கும் குச்சியின் நுனியைக் கண்ணுக்குக் கீழே இருக்கும் சுரப்பிக்குள் செருகி, அசையாமல் சில நொடி நின்று, கறுப்பாக ஒரு பிசினைத் தடவிவிட்டுப் போகும். கண்ணில் குச்சி குத்திவிடப் போகிறதே என்று பார்க்கிறவனுக்குப் பதறும், அதற்கு ஒன்றும் ஆகாது. பெட்டைகள் அந்த வழியாக வரும்போது முறுக்குக் கொம்பை முதுகோடு சாய்த்து, முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நடக்கும் அழகை பைனாகுலரில் பார்த்தால் மணி போவது தெரியாது. அங்கே வெள்ளை வெளிமானும் உண்டு. பவநகர் மகாராஜா 1948 முதல் 1952 வரை சென்னை கவர்னராக இருந்தபோது கொண்டுவந்து விட்டதன் வம்சம் என்று துறையில் சொல்வது வழக்கம்.

இத்தனைக்கும் தேவை வெறும் புல். அதுதான் யார் கண்ணுக்கும் காலி இடமாகத் தெரிந்து தொலைக்கிறது.

90களில் ஒரு ஜூலை மாதம் என்று நினைக்கிறேன். வன மகோத்சவ சமயம். ஒரு பெரிய அமைப்பைச் சேர்ந்தவர்கள் பேனர், வேன், புங்கன் கன்று, மகிழங்கன்று சகிதம் வந்து இறங்கினார்கள். மேலிடத்துச் சிபாரிசு வேறு. தலைவர் ரொம்பப் பெரிய மனுஷர், நல்ல மனுஷரும்கூட. போலோ கிரவுண்டைக் காட்டி, "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, ஆயிரம் மரம் நடலாமே சார்" என்றார். நான் வெளிமான், பார்வை, புல் என்று விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஒரு ஐந்நூறு?" என்றார். பின்னால் நின்றிருந்த என் வாட்சருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, கல்யாண மண்டபம் காலியாத்தான் இருக்கும். சும்மா கெடக்குதேன்னு வரிசையா பீரோவ அடுக்குனா பந்தி எங்க போடுவீங்க?" என்றார். தலைவர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கன்றுகளை வெளியே சாலையோரம் நட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்குத் தப்பித்தோம். ஒவ்வொரு முறையும் இப்படி நடக்கவில்லை. மேலே இருந்து உத்தரவாகவே வந்தால் வாட்சர் பந்தியைப் பற்றிப் பேச முடியாது.

மனிதன் நடாமல் விட்ட இடத்தை வேலிகாத்தான் பிடித்துக்கொள்கிறது, சீமைக் கருவேலம் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அதன் நெற்று இனிக்கும். மான் ஆசையாகத் தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையோடு திடலில் விழும், மழை வந்ததும் முளைக்கும். ஆக, தான் ஓடுகிற திடலை மூடுகிற செடியைத் தானே விதைத்துக்கொண்டு திரிகிறது வெளிமான். இரண்டு வருஷம் கவனிக்காமல் விட்டால் இடுப்பளவு. நாலு வருஷத்தில் பார்வை மறைந்துவிடும். வெட்டினால் போதாது. தரைமட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டுக்கு ஐந்து தண்டாகத் தழைக்கும். மழை ஓய்ந்து மண் இளகியிருக்கும் கார்த்திகை, மார்கழியில் கடப்பாரை போட்டு, வேர்க் கழுத்துக்குக் கீழே வரை நெம்பி எடுக்க வேண்டும். ஜே.சி.பி. விட்டால் ஒரே நாளில் முடியும், ஆனால் புல்லின் வேரும் போய் மண்ணும் இறுகிவிடும். எனவே ஆளை வைத்துக் கையால்தான்.

அப்படி ஒரு வருஷம் பிடுங்கிப் போட்ட மரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். சர்தார் படேல் சாலையில் போன யாரோ படம் எடுத்துவிட்டார்கள். தேசியப் பூங்காவில் வனத்துறையே மரம் வெட்டுகிறது என்று கூச்சல். ஒரு வாரம் விளக்கக் கடிதம் எழுதியே கழிந்தது. அழைத்துக் கேட்ட அம்மையார் ஒருவரிடம் நேரில் வந்து பாருங்கள் என்றேன். அடையாறிலிருந்து வந்தார். பிடுங்கின இடத்தையும் பிடுங்காத இடத்தையும் காட்டினேன். பிடுங்கின பக்கம் இரண்டு பெட்டை மேய்ந்துகொண்டிருந்தன. "இதை ஏன் நீங்கள் முன்னாடியே சொல்வதில்லை?" என்று கோபித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. மரம் நடுகிற விழாவுக்குத் துறை விளம்பரம் கொடுக்கும், மரம் பிடுங்குகிற வேலைக்கு யார் கொடுப்பது?

வெளிமான் குறைந்துகொண்டே போனபோது புள்ளிமான் பெருகியது. 80களின் பிற்பகுதியில் ராஜ்பவனுக்கும் ஐ.ஐ.டி.க்கும் நமக்கும் நடுவே வேலியும் சுவரும் வந்து மூன்று இடமும் தனித்தனியானது ஒரு திருப்பம். மூன்று பக்கமும் அலைந்து மேய்ந்த கூட்டம் இருந்த இடத்திலேயே நின்றது. புள்ளிமான் சமாளித்துக்கொண்டது. ஆலம்பழம் பழுத்தால் குரங்குகள் தின்றதில் பாதியைக் கீழே சிந்தும், அடியில் ஒரு கூட்டம் அண்ணாந்தபடி காத்திருக்கும். உதிர்ந்த இலை, பூ, காய் எதையும் விடாது. குருந்தங்கன்று முளைத்து இரண்டு இலை விட்டால் அதையும் கிள்ளிவிடும். இன்று நிற்கிற மரம் விழுந்தால் அந்த இடத்துக்கு எது வரும் என்ற கேள்வியை அப்போதே கேட்டவர்கள் இருந்தார்கள். டி.ஆர். சங்கர் ராமன், மேனன், சுகுமார் மூவரும் கிண்டியின் இரண்டு மான்களையும் பற்றிச் செய்த ஆய்வு 1996-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வந்தது. நான் அதை ஆபீஸ் ஜெராக்ஸில் படித்தேன்.

கணக்கெடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் தொப்பியும் நோட்டுமாக வருவார்கள், பாதை பிரித்துக் கொடுப்போம். திடலில் வெளிமானை எண்ணுவது சுலபம், புதருக்குள் புள்ளிமானை எண்ணுவது அப்படி இல்லை. ஒரு பாதையில் பார்த்த கூட்டமே திரும்பி அடுத்த பாதையைக் கடக்கும். அன்றைய எண்ணுக்கு நான் பெரிய மரியாதை கொடுத்ததில்லை. அதே பாதையில், அதே மாதத்தில், அதே முறையில் வருஷா வருஷம் எண்ணினால் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். பத்திரிகைக்காரர்களுக்கு வேண்டியது எண், எங்களுக்கு வேண்டியது போக்கு.

கூடுதல் மானைப் பிடித்து வண்டலூருக்கு அனுப்பிவிடலாமே என்பார்கள். 1985-இல் திறந்த பெரிய உயிரியல் பூங்கா, 600 ஹெக்டேர், இடத்துக்கா பஞ்சம்? சிக்கல் இடத்தில் இல்லை, பிடிப்பதில் இருக்கிறது. புள்ளிமான் பயத்திலேயே சாகும். துரத்திப் பிடித்தால் காயம் ஒன்றும் இருக்காது, தசை உள்ளே வெந்துபோகும். அன்றைக்கு நன்றாக நிற்கும், இரண்டு நாள் கழித்துக் கால் இழுத்து விழும். எனவே துரத்தக் கூடாது. காட்டுக்குள்ளேயே துணி கட்டி ஒரு அடைப்பு போட்டு, தழையும் உப்புக்கட்டியும் வைத்து, வாரக்கணக்கில் அது தானாக வந்து போகும்படி விட வேண்டும். பயம் தெளிந்த பிறகு ஒரு ராத்திரி சத்தமில்லாமல் கதவை இழுத்து மூடி, இருட்டாக்கின வண்டிக்குள் வழி விட வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது, இருமக்கூடக் கூடாது. மேலதிகாரிகள் பார்க்க வருகிறோம் என்று சொன்னால் அன்றைக்கு வேலையைத் தள்ளிவைப்பதுதான் உத்தமம். அதை அவர்களிடம் சொல்வது தனிக் கலை.

கோடையில் எல்லாமே தண்ணீர். காத்தான்கொல்லைக் குளம், அப்பளங்குளம் இரண்டும் நல்ல மழை வருஷத்தில் சித்திரை வரை தாங்கும். இல்லாவிட்டால் மாசியிலேயே வெடித்துவிடும். சிமெண்டுத் தொட்டிகளில் லாரித் தண்ணீர் ஊற்றுவோம். ஆரம்பத்தில் கட்டிய தொட்டிகள் உயரமாக, வழவழப்பாக இருந்தன. காலையில் போய்ப் பார்த்தால் அணில், ஓணான், தவளை மிதக்கும். குடிக்க இறங்கினது ஏற முடியாமல் செத்திருக்கும். பிறகு தரையோடு தரையாகச் சாய்வாகக் கட்டினோம். பழைய தொட்டிகளுக்குள் கருங்கல்லைப் படிபோல் அடுக்கினோம். கல் போட்ட முதல் வாரம் கீரி ஒன்று குட்டிகளோடு அந்தப் படியில் இறங்கி வந்தது. எந்தப் பராமரிப்புத் திட்டத்திலும் இதற்கு ஒரு வரி கிடையாது, செலவும் கிடையாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரித் தெருக்களில் படகு விட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். காட்டுக்குள் பள்ளங்களில் தண்ணீர் நின்றது, சருகு மிதந்தது, சில நாளில் உள்ளே வாங்கிக்கொண்டது. பக்கத்தில் மழைநீர் போக வழி தேடி அலைந்த தெருக்களில் அது சாக்கடையோடு கலந்து நின்றது. சருகும் வேரும் உள்ள தரை செய்கிற வேலையை யாரும் சம்பளம் போட்டுப் பார்ப்பதில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் காய்ந்து, தி. நகரில் குடம் குடமாக வரிசை நின்றபோது, இந்தக் காட்டைச் சுற்றியிருந்த தெருக்களில் கிணறு எந்த ஆழத்தில் நின்றது என்று யாராவது அளந்து வைத்திருந்தால் ரொம்பப் பிரயோசனமாக இருந்திருக்கும்.

வெள்ளத்துக்கு மறு வருஷம் வர்தா புயல். 2016 டிசம்பர் 12. அன்று சாயங்காலம் காற்று அடங்கி வெளியே வந்தபோது எனக்குத் திசையே புரியவில்லை. தெரிந்த பாதை எதுவும் இல்லை. நகரம் முழுக்க என்ன நடந்ததோ அதேதான் உள்ளேயும். வேகமாக வளர்ந்து உச்சி கனத்து நின்ற அயல் மரங்கள், குல்மோகர், தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, வேரோடு சாய்ந்து கிடந்தன. வேர்த்தட்டு மண்ணோடு சுவர் மாதிரி எழுந்து நின்றது. பனை நின்றது. காசானும் குருந்தும் இலையை உதிர்த்துவிட்டு நின்றன.

அடுத்த வாரமே மரத்தைக் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சும்மா கிடக்கிற கட்டை, ஏலம் விட்டால் அரசுக்கு வருமானம்தானே? எனக்கு மேலே இருந்தவர் அப்போது உறுதியாக இருந்தார். பாதையை அடைத்ததை மட்டும் அறுத்து ஓரம் தள்ளினோம், மற்றது விழுந்த இடத்திலேயே கிடந்தது. பட்ட கட்டையில் கரையான் ஏறியது, கரையானைத் தேடி மரங்கொத்தி வந்தது, பொந்தில் உடும்பு புகுந்தது. கிளைகளின் முட்டுக்குள், மானின் வாய் எட்டாத இடத்தில், குருந்தும் நாவலும் முளைத்து இடுப்பளவு வந்ததை ஓய்வு பெறுவதற்கு முன் பார்த்துவிட்டேன். வெளிச்சம் விழுந்த மற்ற இடங்களில் உண்ணிச்செடியும் கொடியும் முந்திக்கொண்டன என்பதையும் சொல்ல வேண்டும். அதைப் பிடுங்க ஆள் போதவில்லை.

எங்கள் வேலையில் ஊருக்குள் போவதும் உண்டு. மந்தைவெளியில் ஓட்டுக்கு அடியில் மரநாய், அடையாறில் கார் பானட்டுக்குள் சாரை, மயிலாப்பூரில் யாரோ வாஸ்துவுக்கு வளர்த்து அலுத்துப்போன ஆமை. எனக்குப் பிடித்தது ஐப்பசி போன்கால்கள். பெரும்பாலும் தி. நகர், மாம்பலம் பக்கத்து அபார்ட்மெண்டிலிருந்து வரும். "சார், கலர் கலரா ஒரு குருவி பால்கனில உட்கார்ந்துட்டே இருக்கு, பறக்கவே மாட்டேங்குது. யாரோ வளர்த்தது போல." வளர்த்தது இல்லை. ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரப் பக்கமிருந்து ராத்திரி ராத்திரியாகப் பறந்து வந்து, விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி, ஜன்னலில் மோதி இறங்கியிருக்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க அம்மா, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டில் வையுங்க, வருகிறோம் என்போம். சாயங்காலம் பூங்காவுக்குள் கொண்டுபோய்ப் பெட்டியைச் சாய்த்தால், ஒரு தத்து தத்திச் சருகுக்குள் போய்விடும். குளிர்காலம் முழுக்க அந்தச் சருகைக் கிளறித்தான் அதன் சாப்பாடு. சிறுவர் பூங்காவை 2024-இல் புதுப்பித்துத் திறந்தபோது பார்க்கப் போனேன், நன்றாகவே செய்திருக்கிறார்கள். கூண்டு எதற்கும் வராத இந்தக் குருவி மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பது அங்கே வருகிற பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசை.

முடிவாகாத ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. போலோ கிரவுண்டின் வெளிமான்கள் பல தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே இனம் பெருக்குகின்றன. வெளி ரத்தம் வர வழியில்லை. கோடியக்கரையிலிருந்தோ தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டிலிருந்தோ சில கிடாக்களைக் கொண்டுவந்து விடலாமா என்ற பேச்சு என் காலத்திலேயே இருந்தது. இப்போது சரகத்தில் இருக்கும் இளைஞர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: முதலில் திடலைத் திறவுங்கள், மூன்று மழைக்காலம் விடாமல் வேலிகாத்தானைப் பிடுங்குங்கள், மதிலின் நாய் புகும் ஓட்டைகளை அடையுங்கள், பெட்டைகள் புல்லில் மறைத்து வைக்கும் குட்டிகளில் எத்தனை தேறுகிறது என்று எண்ணுங்கள். தேறினால் கிடாவைப் பற்றிப் பேசலாம். திடல் இப்போது இருக்கிற நிலையில் கொண்டுவந்தால், வெகுதூரம் லாரியில் ஏற்றி வந்து புதரில் சாகக் கொடுத்ததாகத்தான் முடியும். இவ்வளவுக்கும் ஆள் கூலி வேண்டும், அதுவும் மார்கழிக்குள் கைக்கு வர வேண்டும். பங்குனியில் வருகிற பணத்தை வைத்து இறுகின மண்ணில் கடப்பாரை போட்டால் தண்டு மட்டும்தான் கையோடு வரும்.